மரம் துளைக்கும் ஒரு சிறிய குடும்பம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே "ஒரு வண்டுக் குடும்பமும் அதன் வகைப்பாடும்" என்று அச்சாகியிருக்கிறது. காலையில் பதிவு மேஜையிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "நீ சிவில்தானேப்பா? வேற யாருக்கோ போட வேண்டிய தலைப்பு மாறிப் போச்சா?" மாறவில்லை. நான் சிவில்தான். கட்டடம், ஜெட்டி, தண்ணீர்க் குழாய், இதுதான் என் பிழைப்பு. ஆனால் மரமும் நம்முடைய கட்டுமானப் பொருள்தானே? கட்டுமானப் பொருள்கள் பாடத்தில் மரத்தைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசியில் 'பூச்சித் தாக்குதல்' என்று அரைப் பக்கம் வரும். பரீட்சையில் வராது என்று தெரிந்து எல்லோரும் தாண்டிப் போன பகுதி. அந்த அரைப் பக்கத்தைத்தான் இன்று இருபது நிமிடமாக நீட்டப் போகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்வீடனுக்குப் போவோம். அன்றைய போர்க்கப்பல் என்றால் ஓக் மரம். அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் அடுக்கி வைத்திருந்த ஓக் மரங்கள் உள்ளே சல்லடையாகிக் கொண்டிருந்தன. தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் வைத்தாரே லின்னேயஸ், அவரிடம் யோசனை கேட்டார்கள். அவர் இது ஒரு வண்டின் வேலை என்று கண்டுபிடித்தார். அது எந்தப் பருவத்தில் முட்டையிடுகிறது என்று பார்த்தார். அந்தப் பருவம் முடியும் வரை மரங்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள் என்று சொன்னார். முட்டையிட இடம் இல்லாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் ஓட்டை இல்லை. இது பூச்சியியல் நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. மருந்து இல்லை, புகை இல்லை, காலண்டரும் தண்ணீரும் மட்டும். ஒரு பொறியாளனாக எனக்கு இந்த விடை ரொம்பப் பிடிக்கும்.

1758ஆம் ஆண்டுப் பதிப்பில் லின்னேயஸ் அந்த வண்டுக்கு வைத்த பெயர் கான்தாரிஸ் நவாலிஸ். நவாலிஸ் என்றால் கப்பலுக்குரியது. கான்தாரிஸ் என்பது மென்மையான மேலுறை கொண்ட வண்டுகளின் பேரினம். இதன் உடம்பும் மென்மைதான், அதனால் அங்கே வைத்தார். பிறகு அவருடைய மாணவர், டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ், 1775இல் இதைத் தனியே எடுத்து லைமெக்சிலான் என்று புதுப் பேரினம் ஆக்கினார். கிரேக்க மொழியில் 'மரத்தின் அழிவு' என்று அர்த்தம் வரும் பெயர். அதிலிருந்து வந்ததுதான் லைமெக்சிலிடே என்ற குடும்பப் பெயர்.

வண்டுகளில் விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கும் இனங்கள் ஏறத்தாழ நாலு லட்சம். கூன்வண்டுகளில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். லைமெக்சிலிடே குடும்பத்தில்? உலகம் முழுவதும் சேர்த்து எழுபது சொச்சம். பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளில். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் இந்த எழுபதை எங்கே வைப்பது என்பதில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக வழக்கு ஓடுகிறது. சின்னக் குடும்பத்தில்தான் சொத்துத் தகராறு அதிகம் என்பார்களே, அந்த மாதிரி.

தகராறுக்குக் காரணம் இவற்றின் தோற்றம். வண்டு என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? முதுகில் கெட்டியான ஓடு, அதற்கடியில் மடித்து வைத்த இறக்கை. இந்தக் குடும்பத்தில் அட்ராக்டோசீரஸ் என்று ஒரு பேரினம் இருக்கிறது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, தென்னாசியா, ஆஸ்திரேலியா என்று வெப்ப நாடுகளில் பரவியிருப்பது. அதன் மேலோடு சுருங்கிச் சுருங்கி இரண்டு சின்னச் செதில் அளவுக்கு வந்துவிட்டது. இறக்கையை மடித்து ஒளித்து வைப்பதில்லை; விசிறி மாதிரி நீளவாட்டில் சுருக்கி முதுகின் மேல் வெறுமனே கிடக்கிறது. நீண்ட, மெத்தென்ற வயிறு. தலை முழுக்கக் கண். இருட்டிய பிறகு விளக்கைத் தேடிப் பறந்து வரும். சட்டென்று பார்த்தால் குளவி என்பீர்கள், இல்லாவிட்டால் பெரிய ஈசல் என்பீர்கள். வண்டு என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு அட்ராக்டோசீரஸை லின்னேயஸே 1766இல் விவரித்தார். ஆனால் மேலோடு குட்டையாக இருக்கும் ஒரு நீள்கொம்பு வண்டுப் பேரினத்தோடு அதைச் சேர்த்தார். கப்பல் வண்டு ஒரு பக்கம், அதன் பங்காளி இன்னொரு பக்கம். அவர் கையில் இருந்தது செத்துக் காய்ந்த மாதிரிகள்தான். அதற்கு மேல் அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இன்னொரு பெயரைப் பாருங்கள். ஐரோப்பியக் காடுகளில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வண்டின் பெயர் எலாட்டராய்டிஸ் டெர்மெஸ்டாய்டிஸ். முதல் பாதிக்கு அர்த்தம், 'சொடுக்கு வண்டு போன்றது'. இரண்டாம் பாதிக்கு அர்த்தம், 'தோல் தின்னி வண்டு போன்றது'. இது இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. ஆளுக்கு ஜாடை பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். "பெரியப்பா மாதிரி இருக்கான், இல்லே தாய்மாமன் மாதிரி" என்று தொட்டிலைச் சுற்றி நின்று பேசுவோமே, அது அப்படியே விஞ்ஞானப் பெயராகிவிட்டது. பெயர் வைப்பதில் முதலில் வந்ததற்கே உரிமை என்பது விதி. ஆகவே மாற்ற முடியாது.

எங்கள் சைட்டில் ஒரு ஸ்டோர்கீப்பர் இருந்தார். போல்ட், நட் எல்லாவற்றையும் நிறம் பார்த்து அடுக்குவார். ஜிங்க் பூசினது ஒரு டப்பா, கறுப்பு ஒரு டப்பா. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் அவசரத்துக்கு ஒரு எம்-16 கேட்டால் டப்பாவைத் தரையில் கொட்டித் தேட வேண்டும். மரை அளவும் எஃகின் தரமும் தெரியாத அடுக்கு. ஜாடை பார்த்து வகைப்படுத்துவது இந்த ரகம்.

இதற்கு மாற்று வழி சொன்னவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர். ஈக்களை ஆராய்ந்தவர். 1950இல் ஜெர்மன் மொழியில் எழுதினார்; 1966இல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் உலகம் கவனித்தது. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: எல்லா ஒற்றுமையும் ஒரே மதிப்புடையதல்ல. இரண்டு உயிர்களுக்குப் பொதுவாக ஒரு *புதிய* அமைப்பு இருந்து, அது இரண்டுக்கும் பொதுவான மூதாதையிடம் தோன்றியது என்றால், அது உறவுக்குச் சாட்சி. பழங்காலத்திலிருந்து எல்லோரிடமும் இருப்பது சாட்சி ஆகாது. ஓடு குட்டையானது, உடம்பு மெலிந்தது போன்ற இழப்புகளை நம்புவதும் ஆபத்து. யார் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் இழக்கலாம். ரெண்டு பேருக்கு வழுக்கை என்பதால் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா? (முன் வரிசையில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.)

இந்த முறையை லைமெக்சிலிடே மீது முறையாகப் போட்டுப் பார்த்தவர் க்வென்டின் வீலர் என்ற அமெரிக்கர். 1986இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளியீடாக அவருடைய ஆய்வு வந்தது. உலகத்தில் உள்ள பேரினங்களை எல்லாம் ஒன்றாக வைத்து, எது எதற்குச் சொந்தம் என்று கிளை வரைந்தார். ஓடு குட்டையா நீளமா என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தக் குடும்பத்துக்கென்றே சில முத்திரைகள் இருக்கின்றன. ஆண் வண்டின் வாய்க்கருகே உள்ள உணர்காம்பு கிளை கிளையாகப் பிரிந்து ஒரு குஞ்சம் மாதிரி விரிந்திருக்கும். வேறு வண்டுகளில் இப்படிப் பார்ப்பது அரிது. இன்னொன்று, புழு.

புழுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முழு வளர்ச்சியடைந்த வண்டு சில நாள்தான் உயிரோடிருக்கும்; இணை சேர்வது, முட்டையிடுவது, முடிந்தது. வாழ்க்கையின் மீதி எல்லாம் மரத்துக்குள் புழுவாக. நீண்ட, வெளுத்த புழு. மார்பின் முதல் கண்டம் ஒரு முக்காடு மாதிரி வளர்ந்து தலையின் மேல் கவிந்திருக்கும். வால் முனையைப் பார்த்தால் எந்தக் கிளை என்று சொல்லிவிடலாம். எலாட்டராய்டிஸ் புழுவுக்கு நீண்ட ஈட்டி மாதிரி வால். கப்பல் வண்டின் புழுவுக்கு வால் முனை உப்பலாக உருண்டிருக்கும். மெலிட்டோமா என்ற பேரினத்தின் புழுவுக்கு வாலை ரம்பத்தால் வெட்டி விட்டாற்போல் தட்டையான, குழிந்த, கெட்டியான ஒரு முனை. சுரங்கத்துக்குள் மரத்தூளைச் சமாளிக்கும் கருவிகள் இவை. நமக்குக் கடப்பாரை, மண்வெட்டி, சட்டி என்று தனித்தனி உருப்படி இருக்கிற மாதிரி.

இவ்வளவு மரத்தைக் குடைகிறதே, மரத்தைத்தான் தின்கிறது என்று நினைப்போம். ஐரோப்பிய எலாட்டராய்டிஸில் நன்றாக ஆராய்ந்த விஷயம் வேறு. தாய் வண்டின் முட்டையிடும் உறுப்புக்குப் பக்கத்தில் சின்னப் பை இருக்கிறது. அதில் ஒரு பூஞ்சையின் வித்துகளைச் சுமந்து வந்து, முட்டையோடு சேர்த்துத் தடவி விட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அந்த வித்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு மரத்துக்குள் நுழைகிறது. சுரங்கச் சுவரில் பூஞ்சை வளர்கிறது. புழு அதைச் சாப்பிடுகிறது. மரத்தூளை வெளியே தள்ளிவிடுகிறது. அதாவது புழு மரம் தின்னி அல்ல, மரத்துக்குள் விவசாயம் செய்யும் ஆள். பூஞ்சைக்கு ஈரம் வேண்டும் என்பதால் இவை தேடுவது பச்சை மரத்தையும் புதிதாக வெட்டிய மரத்தையும். நன்றாக உலர்ந்து, வீட்டில் கதவு நிலையாகிவிட்ட மரத்தில் இந்த வண்டின் ஓட்டையைப் பார்த்துப் பயந்து மருந்தடிக்க வேண்டியதில்லை. ஓட்டை பழசு, ஆள் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார். கதவு நிலையில் நம்ம ஊர் மரத்தூள் கொட்டும் வண்டு வேறு குடும்பம். அதற்கு உலர்ந்த மரம்தான் இஷ்டம். குடும்பம் தெரிந்தால் செலவும் தெரியும்.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். சில வருஷங்கள் நான் இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் நாட்டில், மாஹே தீவில் வேலை பார்த்தேன். நம் தமிழர்கள் தலைமுறைகளாகக் கடை வைத்து வாழும் ஊர். தலைநகர் விக்டோரியாவின் நடுவில் பிள்ளையார் கோயில் கோபுரம் நிற்கிறது. மாஹேயில் 1971இல் விமான நிலையம் வந்து சுற்றுலா பெருகும் முன்பு, அந்த நாட்டின் பிழைப்பு பெரும்பாலும் கொப்பரையையும் லவங்கப்பட்டையையும் நம்பி இருந்தது. இப்போதும் கடற்கரை ஓரமெல்லாம் தென்னைதான்.

எங்கள் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிப் பதினோரு தென்னை. வடமேற்குப் பருவக்காற்று வீசிய ஒரு ஜனவரி இரவில் அதில் ஒன்று தகரக் கூரையின் ஓரத்தில் சாய்ந்தது. ஆறு பேர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை. கட்டில் ஒன்று நொறுங்கியது, அதில் படுத்திருந்த பிகார்த் தம்பி அன்று இரவு வேலையில் இருந்தான். காலையில் போய்ப் பார்த்தால், மரம் நடுவில் ஒடியவில்லை. தூரோடு முறிந்திருந்தது. அடித்தண்டுக்குள் கறுத்த சுரங்கங்கள், கை நுழைகிற அளவு பொந்து.

பூச்சி மருந்து ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். தென்னையில் வண்டு என்றால் காண்டாமிருக வண்டு, அது குருத்தைத்தான் தாக்கும் என்று, மீதிப் பத்து மரத்துக்கும் உச்சியில் மருந்து அடித்துவிட்டு பில் கொடுத்துவிட்டுப் போனார். நம் ஊர்த் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். காண்டாமிருக வண்டு என்றால் குருத்தில் ஓட்டை, விரிந்த மட்டையில் கத்தரித்தாற்போல் முக்கோண வெட்டு. அது பெருகுவது எருக்குழியில். சிவப்புக் கூன்வண்டு என்றால் தண்டில் ஓட்டை, பழுப்புச் சாறு வடியும். இங்கே குருத்து பளபளவென்று இருந்தது. நோய் காலில், மருந்து தலையில்.

குடியிருப்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர், அந்த ஊர்க்காரர், எழுபது வயதுக்கு மேல். மறுநாள் வந்து கத்தியின் பின்புறத்தால் ஒவ்வொரு மரத்தின் அடியையும் தட்டினார். மேஸ்திரி டைல்ஸைத் தட்டிப் பொள்ளல் கண்டுபிடிப்பாரே, அதே வேலை. "மிஸ்யே, இது, இது, அதோ அது" என்று நாலு மரத்தைக் காட்டினார். அவர் சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் அவர் அப்பாவோடு இதே வேலைக்குப் போயிருக்கிறாராம். அவர் சொன்ன பெயர் மெலிட்டோமா. விஞ்ஞானப் பெயரை அந்தத் தீவின் தோட்டக்காரர் சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். அன்று இரவு தேடிப் படிக்க உட்கார்ந்ததுதான், இன்று உங்களை இங்கே உட்கார வைத்திருக்கிறது.

மெலிட்டோமா இன்சுலாரே, நம் லைமெக்சிலிடே குடும்பம்தான். மடகாஸ்கரிலும் சீஷெல்ஸிலும் உள்ளது. வட அமெரிக்காவில் இதன் உறவினர் ஒன்று செஸ்ட்நட் மரத்தையும் ஓக்கையும் குடைகிறது. இது தென்னையைப் பிடித்துக்கொண்டது. பூச்சியியலாளர் பிரவுன் என்பவர் சீஷெல்ஸில் இதன் வாழ்க்கையை ஆராய்ந்து 1954இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தாய் வண்டு அடித்தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடுகிறது. புழு அங்கேயே உள்ளே போகிறது. வண்டு மட்டையையோ குருத்தையோ தொடுவதே இல்லை. வெளியே அதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஆகவே உச்சியில் அடித்த மருந்து வானத்துக்கு அடித்தது போல. அன்று அங்கே கையாண்ட வைத்தியம் அறுவை சிகிச்சைதான்: அடியில் அரித்த பாகத்தை நல்ல தசை தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டு வாயில் தாரும் கிரியோசோட்டும் பூசுவது. திரும்ப முட்டையிட வெடிப்பு கிடைக்காது. லின்னேயஸ் தண்ணீரை வைத்துச் செய்ததை இங்கே தாரை வைத்துச் செய்திருக்கிறார்கள். இருநூறு வருஷ இடைவெளி, வேறு கடல், வேறு மரம்; குடும்பம் ஒன்று என்பதால் யோசனையும் ஒன்று.

பெரியவரும் நானும் இரண்டு பையன்களும் மூன்று நாள் உட்கார்ந்தோம். உளி, கொத்துக்கத்தி, தார் டின். நாலில் ஒரு மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. சுற்றளவில் பாதிக்கு மேல் போய்விட்டது, கீழே ஆட்கள் படுக்கிறார்கள், அதில் பாவ புண்ணியம் பார்க்க முடியாது. மூன்றைச் சுத்தம் செய்து தார் பூசினோம். நான் அங்கிருந்து கிளம்பும் வரை அந்த மூன்றும் நின்றன, காயும் காய்த்தன. நிர்வாகம் முதலில் போட்ட உத்தரவு பத்தையும் வெட்டு என்பதுதான்.

ஆனால் அந்த இரவு தேடும்போது ஒரு தொல்லை ஏற்பட்டது. சில பக்கங்களில் மெலிட்டோமா இன்சுலாரே என்று இருக்கிறது, சிலவற்றில் ப்ரோமெலிட்டோமா இன்சுலாரே. இரண்டு வண்டா, ஒன்றா? ஒன்றுதான். 1986 ஆய்வில் வீலர், மெலிட்டோமா என்று ஒரே சாக்கில் போட்டிருந்தவற்றைப் பிரித்தபோது இதற்குப் புதுப் பேரினம் கொடுத்தார். "இந்த விஞ்ஞானிகளுக்கு வேற வேலையே இல்லையா, தெருப் பெயர் மாத்துற மாதிரி மாத்திக்கிட்டே இருக்காங்களே" என்று அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது அப்படி நினைப்பதில்லை. தெருப் பெயர் மாறினால் தெரு மாறுவதில்லை. இங்கே பெயர் மாறுவது, வரைபடமே திருத்தப்பட்டதால். நாமும் டிராயிங்கில் ரிவிஷன் ஏ, ரிவிஷன் பி என்று போடுகிறோம் அல்லவா? பழைய ரிவிஷனை வைத்துக் கட்டினவன் பாடு என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி ரிவிஷன் சமீபத்தில்தான் வந்தது. க்ரோசன் என்ற பேரறிஞர் 1955இல் வண்டுக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய ஒழுங்கைக் கொண்டுவந்தார். அதன் பிறகு நெடுங்காலம் லைமெக்சிலிடே தனக்கென்று ஒரு பெருங்குடும்பத்தையே வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்தியது. எழுபது உருப்படிக்கு ஒரு தனி வீடு, யாரோடும் ஒட்டாமல். பிறகு மரபணுக்களை ஒப்பிடும் காலம் வந்தது. ஆய்வுக்குமேல் ஆய்வாக ஒரே திசையைக் காட்டின. நம் வீட்டுக் கோதுமை மாவு டின்னில் ஊரும் செந்நிற மாவு வண்டும், உடம்பில் பட்டால் கொப்புளம் போடும் வண்டும் இருக்கிற பெரிய கூட்டுக்குடும்பம் ஒன்று உண்டு, டெனிப்ரியோனாய்டியா என்று பெயர். அதற்கு ரொம்பப் பக்கத்தில் இவை வந்தன. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, பக்கத்தில் இல்லை, உள்ளேயே என்று சொல்லித் தனி வீட்டைக் காலி செய்து கூட்டுக்குடும்பத்தில் சேர்த்துவிட்டது. எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று என்று சொல்ல மாட்டேன். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையான மியான்மர் அம்பரில் இந்தக் குடும்பத்து வண்டுகள் அப்படியே உறைந்து கிடைத்திருக்கின்றன. அப்போதே ஓடு குட்டைதான். குடும்பம் சின்னது என்றாலும் வயது சின்னதல்ல.

மாணவர்களுக்கு ஒரு தகவல். இந்த எழுபது சொச்சத்தில் பலவற்றின் புழு எப்படி இருக்கும் என்று இன்னும் யாரும் விவரித்ததில்லை. வண்டு மட்டும் விளக்கில் வந்து விழுந்து ஊசியில் ஏறியிருக்கிறது. அது எந்த மரத்திலிருந்து வந்தது என்பது பதிவாகவில்லை. மரத்தைப் பிளந்து பார்க்க ஆள் இல்லை. விலங்கியல் படிக்கும் நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள். வெட்டுமரம் அடுக்கிக் கிடக்கிற இடமும், அதைப் பிளக்கிற ரம்பமும் நம்மிடம்தான் இருக்கின்றன.

சீஷெல்ஸிலிருந்து அந்த அரித்த தென்னைத் தூரில் ஒரு துண்டு கொண்டு வந்து காட்டக் கூடாதா என்று நம் செயலாளர் கேட்டார். கூடாது, அய்யா. குவாரன்டைன் விதி ஒன்று. விதி இல்லாவிட்டாலும் கொண்டு வர மாட்டேன். அந்த வண்டு நம் தென்னைக்கு இன்னும் வரவில்லை. காண்டாமிருக வண்டும் கூன்வண்டும் சுருள் வெள்ளை ஈயும் போதாதா நமக்கு? படங்களை மட்டும் பெரிதாக அச்சடித்து வெளியே தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறேன். மூன்றாவது படத்தில் இருக்கும் அட்ராக்டோசீரஸைப் பார்த்து அது குளவிதான் என்று சொல்கிறவர்கள், தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து சண்டை போடலாம்.